பத்தீஸுக்கு நான் கட்டுன வீடு

உக்காருங்க உபதேசியாரே. இந்தக் கச்சான் காத்துல தூத்துக்குடித் தோணி இன்னைக்குப் போகாது. நாளைக்கும் சந்தேகந்தான். அந்தப் பலகை ஓரத்துல உக்காருங்க, அங்கன நிழல் உண்டு. நான் பாட்டுக்கு இந்த வள்ளத்துக்குப் பஞ்சு அடைச்சிக்கிட்டே பேசுதேன். கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது.

காலையில கேட்டீங்கல்ல, பத்தீஸுன்னு ஒரு ஆத்துமாவுக்குப் பூசை வைக்கச் சொல்லுதீங்களே, அவன் எந்த ஊரு, யாரு குடும்பம்னு. பழைய உபதேசியார் இதெல்லாம் கேக்க மாட்டாரு. சாமியார்ட்ட பேரைச் சொல்லிட்டுப் போயிருவாரு. நீங்க புதுசு, கேட்டுட்டீங்க. சொல்லுதேன். முழுசாக் கேட்டுட்டு நீங்களே நியாயம் சொல்லுங்க. அந்தப் பொம்பள எனக்குச் செஞ்ச அநியாயத்த இத்தனை வருசத்துல நான் ஒருத்தர்ட்டயும் வாய்விட்டுச் சொன்னதில்ல.

நான் பரம்பரை ஓடாவி. எங்க அப்பா கட்டுன தோணி கொழும்புக்குப் போகும், கொச்சிக்குப் போகும். நான் இங்கிலீஸ்காரன் கப்பல்ல தச்சனா ஏறி சீனா வரைக்கும் போனேன். அங்கன ஒரு அமெரிக்காக்காரன் கப்பல்ல தச்சன் செத்துப்போயிட்டான், ஆள் வேணும்னாங்க. மாறி ஏறினேன். அது அமெரிக்காவோட மேற்குக் கரைக்குத் தோல் வாங்கப் போற கப்பல். அதுல அதிகாரி ஒருத்தன், எந்நேரமும் கயித்தை முறுக்கிக் கையில வச்சிருப்பான். என் முதுகப் பாத்தீங்கன்னா இப்பவும் தெரியும். ஒரு பெரிய ஆத்து முகத்துல நங்கூரம் போட்டாங்க. படகுக்கு ஒட்டுப் போடணும்னு தச்சு ஆயுதப் பெட்டியோட கரையில இறங்கினவன்தான், திரும்ப ஏறல.

அந்த ஆத்தங்கரையில தோல் வியாபாரிங்க ஒரு மரக்கோட்டை போட்டிருந்தாங்க. அங்கனதான் பத்தீஸப் பாத்தேன். கானடாப் பக்கத்துப் பிரெஞ்சுக்காரன். ஆளு பனைமரம் மாதிரி, மூஞ்சி பூரா செம்பட்டத் தாடி. கஞ்சிக் கோப்பைய எடுக்குறதுக்கு முன்னால சிலுவை போட்டான். நானும் போட்டேன். என்னையவே பாத்தான். கறுத்த ஆளு சிலுவை போட்டு அவன் கண்டதில்லபோல. "ஆவே மரியா"ன்னு ஆரம்பிச்சான். மிச்சத்த நான் முடிச்சேன். அப்படியே எந்திச்சு வந்து என்னக் கட்டிப்பிடிச்சிக்கிட்டான். அவ்வளவுதான், அன்னையிலேருந்து நாங்க அண்ணன் தம்பி. கப்பல் இங்கிலீஸு பாதி, கை சாடை பாதி, அப்படித்தான் பேசிக்கிடுவோம்.

அவன் தொழில் பீவர் பிடிக்கிறது. நம்ம ஊர்ல கிடையாது அது. நீர்நாய் மாதிரி இருக்கும், வாலு மட்டும் துடுப்பு மாதிரி தட்டையா இருக்கும். அதோட தோலுக்குச் சீமையில அப்படி ஒரு கிராக்கி, தொப்பி செய்வாங்களாம். ஆத்துக்குள்ள இரும்புப் பொறி வச்சுப் பிடிக்கணும். அதுக்காக ஆளே இல்லாத மலைக்குள்ள போய் மாசக்கணக்கா இருக்கணும். "தொம்மை, நீ வா, எனக்கு ஒரு வீடு கட்டிக் கொடு. எங்க அப்பன் வீடு மாதிரி வேணும். கூடாரத்துல படுத்துப் படுத்து அலுத்துப்போச்சு"ன்னான். போனேன். கூட அவன் பொண்டாட்டியும் வந்தா.

அவ அந்த மலைப்பக்கத்துச் சனம். வெள்ளக்காரங்க வர்றதுக்கு முன்னாலேயே அங்கன இருக்கிறவங்க. அவளுக்கு அவங்க பாஷையில ஒரு பேரு உண்டு, நம்ம வாய்ல நுழையாது. நான் மரியாள்னு கூப்பிட்டேன், என்னப் பாத்து பத்தீஸும் கொஞ்ச நாள்ல அப்படியே கூப்பிட ஆரம்பிச்சிட்டான். நல்ல வேலைக்காரி, அதைச் சொல்லணும். தோலச் சுரண்டுறது, காயவைக்கிறது, இறைச்சியக் கீறி உப்பில்லாம உலத்துறது, எல்லாம் அவதான். பேச்சு மட்டும் கிடையாது. அதாவது அவ ஏதாவது சொல்லிக்கிட்டுத்தான் இருப்பா, நமக்குப் புரியாது.

வீட்டுக்கு இடம் நான்தான் பாத்தேன். ஆத்துக்கு மேல ஒரு மேடு, பக்கத்துலேயே நல்ல உசரமான ஊசி இலை மரம். அவ வேண்டாம்னா. கையக் கீழ்ப்பக்கமாக் காட்டுனா, பனியக் காட்டுனா, கழுத்தளவுன்னு காட்டுனா. அவங்க சனம் குளிர் காலத்துல பள்ளத்துக்கு இறங்கிப் போயிரும், அங்கன பனி கம்மி. பத்தீஸ் என்னப் பாத்தான். நான் சொன்னேன், "நீ வீடு கேட்டியா, கூடாரம் கேட்டியா? வீடுன்னா ஒரு இடத்துல நிக்கும்." அவன் சிரிச்சிட்டான். அவ சிரிக்கல.

உபதேசியாரே, அந்த வீட்ட நீங்க பாத்திருக்கணும். முழு மரம், பட்டையக்கூட உரிச்சு, ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிச் சுவரு. கோட்டைக்காரங்களும் அப்படித்தான் கட்டுவாங்க, மூலையில சும்மா பள்ளம் தோண்டி மரத்த மரத்துமேல உக்கார வைப்பாங்க. நான் அப்படிச் செய்யல. தோணிக்கு எப்படி மூட்டுப் போடுவோமோ அப்படிப் போட்டேன். மீன் வால் மாதிரி முனைய அகலமா வெட்டி, ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூட்டி. ஒரு ஆணி கிடையாது. சந்துக்கெல்லாம் பாசியையும் களிமண்ணையும் குழைச்சு அடைச்சேன், அதுக்கு மேல மரப்பிசினக் காய்ச்சிப் பூசினேன். கடல்ல இறக்கியிருந்தா மிதந்திருக்கும். ஜன்னலுக்குக் கண்ணாடி ஏது, மான் தோலக் கொழுப்புத் தடவி மெலிசா இழுத்துக் கட்டினேன், மஞ்சளா வெளிச்சம் வரும். கல்லடுக்கி ஒரு அடுப்பு. முதல் பனி விழுறதுக்கு முன்னால கதவு மாட்டிட்டேன். பத்தீஸ் உள்ள வந்து கதவச் சாத்திட்டு நின்னான். வெளிய காத்து ஊளையிடுது, உள்ள விளக்குத் திரி அசையல. அவன் கண்ணு கலங்கிருச்சு. "எங்க அப்பன் வீடு இதுல பாதிகூட இல்ல தொம்மை"ன்னான்.

அவ என்ன செஞ்சா தெரியுமா? வீட்டுக்குப் பக்கத்துலேயே தோல் கூடாரத்தப் போட்டு அதுல இருந்தா. புது வீட்டக் கட்டி வச்சிருக்கேன், அவ கூடாரத்துல இருக்கா. பத்தீஸ் போய்க் கெஞ்சி, சிரிச்சு, கடைசியில கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தான். வந்தாலும் அடுப்புப் பக்கத்துல உக்கார மாட்டா. வாசல் பக்கமாத்தான் உக்காருவா. சிலருக்கு நல்லது கிடைச்சா வச்சுக்கத் தெரியாது பாத்துக்கிடுங்க.

அப்புறம் நடந்ததக் கேளுங்க. ஆறு முழுக்க உறைஞ்சு பாறையாயிருச்சு. பத்தீஸ் பனிக்கட்டிய உடைச்சு, கையவிட்டு, அடியில பொறி வைக்கப் போனான். கால் வச்ச இடம் உடைஞ்சு தொடை வரைக்கும் உள்ள போயிருச்சு. அவன் வச்ச பொறியே அவன் பாதத்தக் கவ்விருச்சு. எப்படியோ பிரிச்சு எடுத்துக்கிட்டு, நனைஞ்ச காலோட அந்தக் குளிர்ல இழுத்துக்கிட்டே வந்து சேர்ந்தான். கால் வெள்ளைக்கல்லு மாதிரி இருந்துச்சு. நான் உடனே தூக்கிட்டுப் போய் அடுப்புக்குப் பக்கத்துல, தணலுக்கு நேரா நீட்டி வச்சேன். அவ ஓடி வந்து இழுக்கா. காலத் தன் வயித்தோட சேர்த்து வச்சுக்கிடுதா, தீயில வைக்காதங்கிற மாதிரி. குளிர்ல விறைச்ச காலுக்குச் சூடு வைக்காம வேற என்னத்த வைக்கிறது? அவ கையத் தட்டிவிட்டுட்டு நான் வச்சேன். பத்தீஸ் கத்தினான். ரத்தம் ஓடுது, நல்லதுன்னு சொன்னேன்.

கொஞ்ச நாள் கழிச்சு விரல் கறுக்க ஆரம்பிச்சுது. அவ ஏதோ பட்டைய அவிச்சுக் கட்டினா. நாத்தம் நிக்கல. அப்புறம் ஒரு நாள் எங்க ரெண்டு பேரையும் உக்கார வச்சுக் கையாலயே பேசினா. கீழ பள்ளத்துல அவ அண்ணன் இருக்கான், அங்கன காயம் பாக்குற ஒரு ஆளு இருக்காரு, பத்தீஸப் பனிச்சறுக்குல வச்சு இழுத்துக்கிட்டுப் போகணும். அங்கன போய்... இப்படிக் கத்தியால அறுக்குற மாதிரி காட்டினா. பாதத்தத் தனியா எடுத்துப் போடுற மாதிரி காட்டினா.

பத்தீஸ் முகம் செத்துப்போச்சு. அவ்வளவு பெரிய ஆளு, கத்தின்னா பயம். என்னப் பாத்தான். "தொம்மை, நீ சொல்லு. போகவா?"

ஒரு மனுசன் உயிர நம்ம கையில கொடுத்துக் கேக்கும்போது நாம யோசிச்சுத்தான சொல்லணும். நான் யோசிச்சேன். வெளிய அந்தக் குளிரு. அங்கன போனா ஓட்டைக் கூடாரம். போய்ச் சேர்ந்தா கால வெட்டுவாங்க. இங்கன காத்துப் புகாத வீடு, அடுப்பு, கிறிஸ்தவன் ஒருத்தன் பக்கத்துல. "இந்த வீட்ட விட்டுப் போகாத. இதுக்குள்ள இருக்கிற வரைக்கும் உனக்கு ஒண்ணும் வராது"ன்னேன். அவன் பெருமூச்சு விட்டான். அப்படி ஒரு நிம்மதி அந்த முகத்துல. அது என்னாலதான வந்துச்சு?

அவ கேக்கல. வானம் வெளுத்து ரெண்டு மூணு நாள் வெயில் அடிச்சுது. அவ ஆயத்தம் பண்ண ஆரம்பிச்சிட்டா. சறுக்குன்னு சொன்னேன்ல, பனிமேல இழுக்குற நீளப் பலகை, முன்பக்கம் சுருண்டு வளைஞ்சிருக்கும். அவளே ஆவியில வளைச்சுச் செஞ்சது. நல்ல வேலைதான், பொம்பள செஞ்சதுன்னு சொல்ல முடியாது. அத வாசல்ல வச்சு, மேல ரோமப் போர்வையப் போட்டா. வழிக்கு இறைச்சி வேணும்னு கண்ணி பாக்கப் போனா.

அவன் அதுவரைக்கும் மண்தரையில படுத்துக் கிடக்கான் உபதேசியாரே. தரையிலேருந்து ஈரம் ஏறுது. எனக்கு மனசு கேக்கல. கட்டில் போடலாம்னா காஞ்ச பலகை கிடையாது, வெளிய இருக்கிற மரமெல்லாம் உறைஞ்சு கிடக்கு, கோடாலி எகிறுது. நல்ல காஞ்ச பலகை வீட்டுல ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அந்தச் சறுக்கப் பிரிச்சு, அறுத்து, அவனுக்கு ஒரு கட்டில் போட்டேன். அவ வர்றதுக்குள்ள முடிச்சிட்டேன். எவ்வளவு வேகமா வேலை செஞ்சிருக்கேன்னு பாத்துக்கிடுங்க. அவனத் தூக்கி அதுல கிடத்தினேன்.

"தொம்மை, இது அவளோட சறுக்கு இல்லையா?"ன்னு கேட்டான்.

"ஆமா. உனக்குத்தான் பிரிச்சேன்"னேன்.

அவன் கண்ண மூடிக்கிட்டான். ரெண்டு பக்கமும் தண்ணி வழிஞ்சுது. உடம்பு முடியாதவனுக்கு ஒருத்தர் அன்பு காட்டினா அழுகைதான் வரும்.

அவ முயல் ஒண்ணத் தோள்ல போட்டுக்கிட்டு வந்தா. வாசல்ல சறுக்கத் தேடினா. உள்ள வந்தா. கட்டிலப் பாத்தா, என்னப் பாத்தா. சறுக்கோட அந்தச் சுருண்ட முனைய நான் வீணாக்கல, தலைமாட்டுல அழகா பொருத்தியிருந்தேன். அதக் கையால மெதுவாத் தடவினா. பிடிச்சுப்போச்சுன்னுதான் நினைச்சேன். அப்புறம் குனிஞ்சு அவன் காதுல ஏதோ சொன்னா. ரொம்ப நேரம் சொன்னா. அவன் தலைய ஆட்டினான். அவ எந்திச்சு, பனியில புதையாம இருக்கப் போடுற அந்தக் கூடைச் செருப்ப மாட்டிக்கிட்டு, முயல அடுப்புக் கல்லு மேல வச்சிட்டு, தனியாக் கிளம்பிப் போயிட்டா. அண்ணனக் கூட்டிட்டு வரப் போறாளாம், பத்தீஸ் சொன்னான். சாகக் கிடக்குற புருசன விட்டுட்டு.

அவ போன அன்னைக்கே வானம் இருட்டிருச்சு. அப்படி ஒரு பனிப்புயல் நான் அதுக்கு முன்னால கண்டதில்ல. கதவத் திறக்க முடியல. உள்ள நாங்க ரெண்டு பேரு. அவன் காலு முழங்கால் வரைக்கும் கறுத்துருச்சு. உடம்பு தணலாக் கொதிக்குது. நான் ஜெபம் சொன்னேன். லத்தீன்ல தெரிஞ்சதெல்லாம் சொன்னேன், தமிழ்லயும் சொன்னேன். கொஞ்ச நேரம் கூடவே சொன்னான். அப்புறம் சொல்லல. அவளக் கூப்பிட ஆரம்பிச்சான். மரியாள்னு கூப்பிடல. அந்த வாய்ல நுழையாத பேரு உண்டே, அதைத்தான் கூப்பிட்டான். "நான் இருக்கேன் பத்தீஸ், தொம்மை இருக்கேன்"னு சொல்லுதேன், அவன் என்னத் தாண்டிக் கதவையே பாக்கான். அந்தப் பேரையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கிட்டு அடங்கிட்டான்.

சாகுற நேரத்துல பொண்டாட்டி பக்கத்துல இல்ல. நான்தான் இருந்தேன். இத நீங்க மறந்துரக் கூடாது.

புயல் ஓஞ்சு அவ வந்தா. கூட அவ அண்ணன், இன்னும் ரெண்டு ஆளுங்க, ஒரு புது சறுக்கு. காயம் பாக்குற ஆளும் அதுல ஒருத்தருபோல, தோள்ல பை தொங்குது. அவ உள்ள வந்து பாத்தா. கட்டில் பக்கத்துல முழங்கால் போட்டு அவன் தாடிய விரலால கோதிவிட்டா. அழல. அதையும் சொல்லுதேன், ஒரு சொட்டு அழல. வெளிய போய்ப் பனிய அள்ளிட்டு வந்து அவன் முகத்தத் துடைச்சா, கையத் துடைச்சா, அந்தக் கால எடுத்து மடியில வச்சுத் துடைச்சா.

அவ அண்ணனுக்குக் கோட்டையில பழகின அரைகுறை இங்கிலீஸு தெரியும். நல்ல மாதிரி ஆளு. வாசல்ல நின்னு அவன்கிட்ட நான் பேசினேன். மண்ணு உறைஞ்சு கிடக்கு, அடுப்புப் பக்கத்துல தரை இளகலா இருக்கு, உள்ளேயே குழி வெட்டி அடக்கிருவோம், வீடும் அவனுக்குக் கல்லறை மாதிரி நிக்கும்னு சொன்னேன். அவன் தலையாட்டிக் கேட்டான். அப்புறம் இன்னொன்னும் சொன்னேன். நான் ஒண்ணும் தப்பா கேக்கல உபதேசியாரே. "உன் தங்கச்சி எங்கேயும் போக வேண்டாம். வீடு இருக்கு. வீட்டுக்கு ஒரு ஆம்பள வேணும், நான் இருக்கேன். குருவானவர் யாராவது அந்தப் பக்கம் வந்தா முறைப்படி மந்திரிச்சுக் கட்டிக்கிடுதேன்"னேன். எவன் சொல்லுவான் அப்படி? விட்டுட்டு ஓடுறவங்கதான் அந்த ஊர்ல அதிகம்.

அவன் உள்ள போய் அவகிட்ட சொன்னான். அவ எந்திச்சா. நான் பதிலுக்காக நிக்கேன். அவ என்னக் கடந்து போய் என் ஆயுதப் பெட்டியத் தூக்கினா. கனம் தெரியுமா அது, ரெண்டு கையாலயும் தூக்கி வெளிய கொண்டு வந்து, பனி படாம ஒரு தோல விரிச்சு அதுமேல வச்சா. என் போர்வைய மடிச்சுக் கொண்டு வந்து வச்சா. உலத்துன இறைச்சி ஒரு பை. அவ கூடைச் செருப்பையே கழட்டி அதுமேல வச்சா. வேலை முடிஞ்ச கூலிக்காரனுக்கு வைக்கிற மாதிரி வரிசையா வச்சா. அவ அண்ணனும் ஆளுங்களும் பத்தீஸத் தூக்கிக்கிட்டு வெளிய வந்தாங்க. அவ கடைசியா உள்ள போய் அடுப்புலேருந்து கொள்ளிய எடுத்தா.

எனக்கு முதல்ல புரியல. குளிருக்குத் தீ மூட்டப் போறாள்னு நினைச்சேன். பிசின் பூசின சுவர்ல வச்சா, சொல்லணுமா? பொசுக்குன்னு பிடிச்சிருச்சு. நான் ஓடிப் போய் அவ கையப் பிடிச்சேன். அண்ணன் நடுவுல வந்துட்டான். அடிக்கல, சும்மா நடுவுல நின்னான். "ஏன், நான் என்ன குறை வச்சேன்? அந்தப் பொம்பளட்ட கேளு"ன்னு சொன்னேன். அவ ஏதோ சொன்னா. கோவமாக்கூடச் சொல்லல, களைச்சுப்போன குரல்ல சொன்னா. அவன் எனக்குத் திருப்பிச் சொன்னான். "உன் கை நல்ல கையாம். உனக்குக் காதுதான் இல்லையாம். ஆத்துக்கரையோட கீழயே நட, கோட்டை வந்துரும். தங்கச்சி சொல்லுதா."

எனக்குக் காது இல்லையாம். கப்பல்ல பாய்மரத்து உச்சியில நிக்கிறவன் கூப்பிட்டாலும் எனக்குக் கேக்கும். செவிடன்னு நினைச்சிட்டா போல. அவ பாஷை புரியலன்னா அது என் தப்பா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க. அந்தக் குளிர்ல அவனுக்காக வீட்டக் கட்டினது யாரு, கட்டில் போட்டது யாரு, வாய்ல தண்ணி விட்டது யாரு? ஒரு நன்றி உண்டா? அது கிடக்கட்டும், நன்றி வேண்டாம். அந்த வீட்ட விட்டு வச்சிருக்கலாம்ல.

அவங்க அவனச் சறுக்குல கட்டி இழுத்துக்கிட்டு மரங்களுக்குள்ள இறங்கிட்டாங்க. அவ பனியில வெறுஞ் செருப்போட முழங்கால் புதையப் புதைய நடந்து போறா. நானும் பின்னால போகணும்னுதான் இருந்தேன். அடக்கத்துக்கு ஜெபம் சொல்ல ஒரு கிறிஸ்தவனாவது வேணும்ல. ஆனா வீடு எரியுது, நான் நிக்கேன். கூரை முதல்ல உள்ள விழுந்துச்சு. அப்புறம் கதவு. சுவரு நிக்குது உபதேசியாரே. நாலு மூலையும் செக்கச்செவேல்னு தணலா நிக்குது, ஒரு மரம்கூடக் கழண்டு விழல, ஒரு மூட்டுகூட விடல. அப்படி ஒரு வேலைய இந்தக் கரையில எவனாவது பாத்திருப்பானா? சாயங்காலம் வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன்.

அப்புறம் பெட்டியத் தூக்கிக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன். பனி விழுந்து அவங்க போன தடமெல்லாம் மூடிக் கிடந்துச்சு. எந்தப் பக்கம் கொண்டு போனாங்கன்னே தெரியல.